விரல் சுற்றிய குரல்

தையற்கடை அக்காவின் வலது கை ஆட்காட்டி விரல் நுனியில் ஒரு காய்ப்பு இருந்தது. தையல்காரியின் விரலில் காய்ப்பு இருப்பது ஒரு செய்தியே அல்ல. ஆனால் ஊசி தள்ளுகிறவர்களுக்கு அது நடுவிரலில் விழும், கத்தரி பிடிக்கிறவர்களுக்குக் கட்டைவிரல் மடிப்பில் விழும். அக்காவுக்கு இருந்தது விரலின் உச்சியில், ஒரு மிளகைப் பதித்து எடுத்ததுபோல. அது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியவந்த மத்தியானம் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிச் சீருடைக்கு வெள்ளைச் சட்டை தைக்க அளவு கொடுக்கப் போயிருந்தேன். மழைக்காலம். திடீரென்று தெருவில் கரண்டு போனது. எதிர்வீட்டு ரேடியோ ஒரு சொல்லின் பாதியில் நின்றது. மின்விசிறி தயங்கித் தயங்கி ஓய்ந்தது. அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தையல் இயந்திரத்தின் கீழிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் மேல் ஒரு கறுப்பு இசைத்தட்டு. தட்டின் நடுப்பக்கத்தில் விரல் வைக்க ஒரு குழி. ஊசியை இறக்கி, விரலைக் குழியில் வைத்து, மாவாட்டுவதுபோல ஒரே சீராகச் சுற்றினாள். கம்பி கிடையாது, சாவி கிடையாது. இருட்டிய கடைக்குள் ஒரு இளம்பெண் சீன மொழியில் பேசத் தொடங்கினாள்.

யார் பேசுவது என்று கேட்டேன்.

“எங்கம்மா,” என்றாள் அக்கா, விரலை நிறுத்தாமல். “செத்துப்போச்சு. நீ அப்படியே நில்லு, இது முடியட்டும். தோள் அளவு இன்னும் எடுக்கல.”

எங்கள் வீடு ரங்கூனில், இந்தியர்கள் நிறைந்த பபேடானில். அங்கிருந்து மேற்கே சில தெருக்கள் நடந்தால் கோயில் சாம்பிராணி போய் ஊதுவத்தி வாசனை வரும், பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறும். அங்கேதான் அக்காவின் அப்பா தையற்கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு ரவிக்கை அங்கேதான். அதனால் அக்காவுக்குத் தமிழ் வந்தது. ஆனால் அது ரவிக்கைத் தமிழ்: கை தூக்கு, மூச்சு விடாதே, போன தீபாவளிக்கு இதவிட இளைச்சிருந்தே. துக்கம் சொல்லவும் அவளிடம் அதே தமிழ்தான் இருந்தது. அவர்கள் ஹக்கா மொழி பேசுகிற சீனர்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்தப் பெயர் நூடுல்ஸ் தட்டில் மட்டுமே அறிமுகமாகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். நூடுல்ஸுக்கு அப்பாலும் அவர்களுக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்று மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

அந்தத் தட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். சீனாவுக்குள் வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் இருக்க முடியாமல் போன பிறகு, அவர்கள் சீனாவுக்கு வெளியே இருந்த சீனர்களின் பக்கம் திரும்பினார்கள். ரங்கூனில் நிறையப் பேர் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். வாங்கினவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. சுருள் படங்களை விரித்துக் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்களின் மூக்கைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். சிற்றலை வானொலியில் வேதத்தை, கேட்கிறவர் எழுதிக்கொள்ளும் அளவுக்கு மெதுவாக, ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தார்கள். அது மாண்டரினில் வந்தது, இந்தத் தெருக்காரர்களுக்கு அது பெரிய அதிகாரிகளின் பாஷை. கடைசியில் ஒருவருக்கு நல்ல யோசனை வந்தது. அவரவர் வட்டாரப் பேச்சில், அவரவர் தெருப் பெண்ணின் குரலில், ஒரு சிறிய தட்டு. விரலால் சுற்றினால் போதும். எழுத்தும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம்.

பதிவு செய்ய வந்த வெள்ளைக்காரருக்கு ஹக்கா மொழியில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. அதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். எழுத்தறிந்த உள்ளூர் விசுவாசி ஒருவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொடுப்பார். குரல் கொடுப்பவர் அதைத் திருப்பிச் சொல்வார். பிறகு வெளிநாட்டில் உட்கார்ந்து ஒருவர் ஒலிநாடாவை வெட்டி, சொல்லிக்கொடுத்தவரின் குரலை எடுத்துவிட்டு, திருப்பிச் சொன்னவரின் குரலை மட்டும் ஒட்டுவார். வெட்டுகிறவருக்கும் மொழி தெரியாது. ஆண் குரல் என்றால் வெட்டு, பெண் குரல் என்றால் வை. இவ்வளவுதான் விதி. நான் வாழ்நாள் முழுவதும் விதிகளோடு குடித்தனம் செய்தவள். இவ்வளவு சுருக்கமான விதியைப் பார்க்கும்போதே, இதில் எங்கேயோ ஓட்டை இருக்கும் என்று தெரிந்துவிடும்.

சொல்லிக்கொடுத்தவர் அந்தத் தெருச் சபையின் போதகர், அப்போது இளைஞர். குரல் கொடுக்க அவர் தேர்ந்தெடுத்தது அக்காவின் அம்மாவை. அவள் கிறிஸ்தவள்கூட அல்ல. மற்றப் பெண்கள் ரங்கூனிலேயே பிறந்தவர்கள், அவர்கள் பேச்சில் பர்மியம் கலந்திருந்தது. இவள் சீனாவில் சொந்த ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள், பேச்சு கலப்பில்லாமல் இருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் சுவரெல்லாம் பருத்தி மெத்தைகளைத் தொங்கவிட்டுத் தெருச்சத்தத்தை அடைத்தார்கள். குழந்தையாக இருந்த அக்காவை முன்பக்கம் விட்டார்கள். இயேசு தம் சீடர்களை விட்டுப் போகுமுன், தான் போய்த் திரும்பி வருவதாகச் சொல்கிற பகுதி ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் குழந்தை தெருக்கதவின் தாழ்ப்பாளை இழுத்து விளையாடியது. சத்தம் கேட்ட அம்மா, இருந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “பெண்ணே, கதவைத் தாழ் போடாதே. இதோ வந்துடறேன்.” பெண் குரல். ஆகவே வெட்டுகிறவர் வைத்துவிட்டார்.

தட்டு கப்பலேறி வருவதற்குள் அவள் இல்லை. பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். மரியாதைக்கு ஒரு தட்டையும் பெட்டியையும் போதகர் தையற்கடையில் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவின் அப்பா அதைச் சுற்றிப் பார்த்தார். மனைவியின் குரலில் பரலோகத்தைப் பற்றி ஏதோ வந்தது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்த வாக்கியம் வந்தது. மூலையில் துணித்துண்டுகளோடு விளையாடிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து போய், தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து, விட்ட இடத்தில் விளையாட்டைத் தொடர்ந்தது. “நான் அப்புறம் ரெண்டு நாள் கத்தரியைத் தொடல,” என்று அந்த மனிதர் என் தாயிடம் சொல்லியிருக்கிறார். அவர் இரவில் தாழ் போடுவார். காலையில் பார்த்தால் தாழ் நீங்கியிருக்கும். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் வைத்தார். அக்கா வளர்ந்தாள். எட்டும் உயரம் வந்தபோது அதையும் நீக்கினாள். அப்பா இறந்த பிறகு அந்தக் கதவு தாழிடப்படவே இல்லை.

படிப்பை முடித்து நான் ஒரு நகரிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒலிபெருக்கி அனுமதிப் பிரிவு. பகோடா திருவிழா, பள்ளிவாசல், நம் முருகன் கோயில் காவடி, கல்யாணம், கருமாதி, எல்லாருடைய சத்தமும் என் மேசையைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகவேண்டும். குழாய் எந்தத் திசையைப் பார்க்கவேண்டும், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும், எந்த நேரத்தில் வாயை மூடவேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். போதகரை நான் சந்தித்தது அங்கேதான். அதற்குள் வெள்ளைக்காரர்கள் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். விரல் பெட்டிகளை வீடுவீடாகக் கொடுக்க அனுமதி வேண்டுமா என்று முன்னெச்சரிக்கையாகக் கேட்க வந்திருந்தார். நான் எல்லா விதிகளையும் புரட்டினேன். அச்சுத்தாளுக்கு விதி இருந்தது, வானொலிப் பெட்டிக்கு உரிமம் இருந்தது, மின்சாரத்தால் பெருக்கப்படும் ஒலிக்கு அட்டவணையே இருந்தது. விரலைப் பற்றி எதுவும் இல்லை. “சயா, அரசாங்கத்தைப் பொறுத்தவரை இது சத்தமே இல்லை,” என்றேன். படித்தவர் யாராயிருந்தாலும் பர்மாவில் சயா, பெண்ணென்றால் சயாமா. அவர் வெகுநேரம் சிரித்தார். அதனால்தான் அந்தத் தட்டுகள் பிழைத்தன. கரண்டு போனால் உயிரோடிருப்பவர்களின் குரல்களெல்லாம் அடங்கிவிடும். அந்தத் தெருவில் செத்தவள் ஒருத்தி மட்டும் வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டிருப்பாள்.

தட்டில் இருந்த அந்த வாக்கியம் வேதத்தில் இல்லையே என்று நான் ஒருநாள் அவரிடம் கேட்டேன். அக்கா எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தாள். கான்வென்டில் படித்ததால் வேதத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று எனக்குத் தெரியும்.

“இல்லைதான், சயாமா,” என்றார் போதகர். “நான் சொல்லிக்கொடுத்தது இருபது வாக்கியம் இருக்கும். ஒன்றுகூட அவர்கள் மனதில் நிற்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்காத இந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.”

பிடித்துக்கொண்டார்கள் என்பது சாதாரணச் சொல். அந்தச் சபையார் அதை ஆண்டவரின் வாக்காகவே எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் யாராவது சாகக் கிடந்தால் தெருக்கதவைத் தாழ் போடமாட்டார்கள். வருகிறவர் தள்ளித் திறந்துகொண்டு வர வேண்டும். சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்தால் எந்த வீட்டில் மரணம் காத்திருக்கிறது என்று கதவைத் தொட்டே சொல்லிவிடலாம். கறிகாய் விற்கிற பெண்கள், போகிறபோக்கில் ஒரு கதவை விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, அது அசைந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். திருடர்கள்கூட அந்தக் கதவுகளைத் தொடுவதில்லை. அக்காவின் கதவு எப்போதும் அசைந்தது. வருஷக்கணக்காக யாரோ செத்துக்கொண்டிருக்கிற வீடு என்று புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தக் கடையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வார்டு அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறாள் என்றாள் அக்கா. வந்து இரவு தங்கினால் விருந்தினர் பதிவு செய்யவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். விதிப்படி அவர் சொன்னது சரி.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, ஒரு மத்தியானம் வரை. அப்போது எனக்கு நாற்பது வயதிருக்கலாம். ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். கரண்டு இல்லை. அக்கா பெட்டியை எடுத்துச் சுற்றினாள். அந்தக் குரலை நான் சிறுவயதிலிருந்து கேட்டுவருகிறேன், ஒரு வார்த்தையும் புரியாவிட்டாலும் அதன் ஏற்ற இறக்கம் எனக்குத் தெரியும். அன்று வந்தது வேறு குரல். தாழ்ந்து, கனத்து, சொற்களுக்கு நடுவே மூச்சு நீண்டு, நடுவயதுப் பெண் ஒருத்தி களைப்போடு பேசினாள். அக்காவின் அம்மா இருபத்து மூன்று வயதில் இறந்தவள். கல்லறையில் இருக்கிறவளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. என் முதுகில் இருந்த அளவு நாடா குளிர்ந்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் விரல் முன்பைவிட மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“தேஞ்சு போச்சாக்கா தட்டு?”

“இல்ல. நான்தான் மெதுவா சுத்துறேன்.” அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். “எனக்கு வயசாகுதுல்ல? நான் அம்மாவவிட மூத்தவளாயிட்டா அது மரியாதையா? வருஷா வருஷம் கொஞ்சம் கொறச்சுக்குவேன்.”

அதன்பிறகு நான் கவனித்தேன். அக்காவுக்கு முடி நரைக்க நரைக்க, அந்தக் குரலும் மூத்துக்கொண்டே வந்தது. அக்கா அறுபதைத் தாண்டியபோது பெட்டிக்குள்ளிருந்து ஒரு கிழவி பேசினாள், ஆணா பெண்ணா என்று சொல்லமுடியாத அளவுக்குத் தாழ்ந்த குரலில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. நம்பிக்கைகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் அந்தக் கிழவி “இதோ வந்துடறேன்” என்று சொல்லும் இடத்தில், நான் ஒவ்வொரு தடவையும் கதவைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் கழித்து, ஒருநாள் அக்கா பபேடானில் என் வீட்டுப் படியேறி வந்தாள். அவள் யார் வீட்டுக்கும் போகிறவள் அல்ல. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். சபைக்கு வெளிநாட்டிலிருந்து சூரிய ஒளியில் ஓடும் சின்னப் பேசும் பெட்டிகள் வரப்போகின்றன. பழைய தட்டுகளைச் சுத்தம் செய்து அதில் ஏற்றப் போகிறார்கள். சுத்தம் செய்கிறவர் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார். இந்தத் தடவை வந்தவருக்கு ஹக்கா தெரியும். அதுதான் பிரச்சினை.

“அந்த வரிய வெட்டப் போறாங்களாம், தங்கச்சி. வேதத்துல இல்லையாம். நீ மனு எழுதிப் பழகினவ. வந்து பேசு.”

இத்தனை வருஷமாக அது அங்கேயே இருந்ததே, வெட்டினாலும் உன்னிடம் பழைய தட்டு இருக்கிறதே என்றேன். தட்டு தேய்ந்துவிட்டது, போன மாதத்திலிருந்து அந்த இடத்தில் ஊசி வழுக்குகிறது என்றாள். பிறகு, என் வீட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “மத்ததெல்லாம் போதகர் சொல்லிக்குடுத்தது. அம்மா வாயில வெச்சது. அது ஒண்ணுதான் அம்மா சொன்னது.”

அதற்கு மேல் வாதம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. மறுநாள் காலை சபையின் பின்னறையில் நால்வரும் உட்கார்ந்தோம். போதகர் மிகவும் முதுமையடைந்து, ஒரு சால்வைக்குள் இருந்தார். சுத்தம் செய்கிறவர் கண்ணாடி போட்ட, மரியாதையான நடுவயதுக்காரர். மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். நான் ஆங்கிலத்தில் என் வழக்கமான முறையில் ஆரம்பித்தேன்: நீண்டகால அனுபவ பாத்தியதை, பாதிக்கப்படும் தரப்பின் ஆட்சேபம், ஆட்சேபத்தைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவின் செல்லுபடி. அவர் பொறுமையாகக் கேட்டார். வேதத்தில் இல்லாததை வேதம் என்று கொடுக்க முடியாது என்றார். அவரிடமும் என்னிடமும் இருந்தது ஒரே வியாதி.

“மகள் முதலில் கேட்கட்டும்,” என்றார் போதகர். “பிறகு பேசலாம்.”

அந்த மனிதர், வெளிநாட்டில் பெட்டியைவிட்டு எடுக்காமலே இருந்த புதுத் தட்டு ஒன்றிலிருந்து ஒலியை எடுத்திருந்தார். கீறல் இல்லை, இரைச்சல் இல்லை. சரியான வேகம் எதுவென்று இயந்திரத்துக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒரு விசையைத் தட்டினார். அறைக்குள் ஒரு சிறுபெண் பேசினாள். அவ்வளவு தெளிவு, அவள் உதடு ஈரமாவது கேட்டது. பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் நான் காலை இழுத்துக்கொண்டேன். தெரியாத சொற்களைச் சொல்லிக்கொடுத்தபடி திருப்பிச் சொல்கிற அவசரமும், எங்கே தப்பு வந்துவிடுமோ என்ற பயமும், இடையில் ஓரிடத்தில் அடக்கிக்கொண்ட சிரிப்பும் கேட்டன.

அக்கா என்னைப் பார்த்தாள். “யாரு இந்தப் பொண்ணு?” என்றாள்.

ஏதோ ஒரு கடைப்பெண்ணைக் கேட்பதுபோல் அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வாக்கியம் வந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக என்னைக் கதவைப் பார்க்கவைத்த வாக்கியம். கிணற்றுக் குரல் அதில் இல்லை. வாக்குறுதியும் இல்லை. வேலையில் இருக்கிற ஒரு பெண், குறும்பு செய்கிற குழந்தையிடம், கொஞ்சம் எரிச்சலும் கொஞ்சம் கொஞ்சலுமாகச் சொல்வது மட்டும்தான் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டாள். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அந்த மெத்தை தொங்கிய அறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்.

இன்னொரு தரம் வைக்கச் சொன்னாள் அக்கா. இன்னொரு தரம். அப்புறம் என் கையைப் பிடித்தாள். அவளுடைய விரல் நுனி என் மணிக்கட்டில் கல்மாதிரி உறுத்தியது.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாதே, தங்கச்சி,” என்றாள். “பாரேன், ஒண்ணுமே தெரியாம பேசிக்கிட்டிருக்கா.”

பிறகு அவர்களிடம் ஹக்காவில் ஏதோ சொன்னாள். சுத்தம் செய்கிறவர் வியப்போடு நிமிர்ந்தார். எனக்காக அவளே தமிழில் சொன்னாள்: “எடுத்துரச் சொல்லிட்டேன். புள்ளகிட்டப் பேசுறா. அத எதுக்கு ஊரெல்லாம் கேக்கணும்?”

என் மனு தேவையற்றதாகிவிட்டது. ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கைப்பற்றப்பட்ட பொருளை அழிப்பதற்குமுன் உரியவர் யாரென்று பார்த்து அவரிடம் ஒப்படைப்பதுதான் முறை என்றேன். சுத்தம் செய்கிறவர் ஒத்துக்கொண்டார். வெட்டியெடுத்த வாக்கியம் அக்காவின் கைபேசிக்கு வந்தது. ஒரு மூச்சும் இரண்டு சிறு வாக்கியங்களும்.

பழக்கத்தினால் அக்கா அதை மெதுவாக்கப் பார்த்தாள். நான் கைபேசியில் வேகத்தைக் குறைக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தேன். அந்தப் பெண் மெதுவாகப் பேசினாள், ஆனால் வயதாகவில்லை. இன்னும் குறைத்தோம். கனவில் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக இழுத்தாள். அப்போதும் அதே இளங்குரல். இந்தக் காலத்து இயந்திரங்கள் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. வேகம் குறைந்தாலும் சுருதியை விடுவதில்லை. அந்தப் பிடிவாதமான இளமை, கிழவியின் குரலைவிட எனக்கு அதிக நடுக்கத்தைக் கொடுத்தது. அக்காவுக்கு அப்படி இல்லை. கைபேசியைப் பார்த்து, “சரி, நீ அப்படியே இரு,” என்றாள், பேத்தியிடம் சொல்வதுபோல.

சூரியப் பெட்டிகள் வந்தன. கேட்டுப் பார்த்த கிழவிகள் ஆண்டவரின் வாக்கு ஒன்று குறைகிறதே என்று சண்டைக்கு வந்தார்கள். ஒருத்தி பெட்டி போலி என்றாள். போதகர் விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். யாராவது சாகக் கிடந்தால் அவர்கள் இன்றும் கதவைத் தாழிடுவதில்லை. வாக்கியம் போய்விட்டது, வழக்கம் தங்கிவிட்டது. அலுவலகத்தில் இருந்தவள் என்ற முறையில் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

போன மழைக்காலத்தில் அக்கா படுத்தாள். பக்கத்தில் யாரும் இல்லாததால் பகலில் நான் போய் இருந்தேன். தெருவில் புதிதாக எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தக் கதவு எப்போதும்போல் அசைந்தது. கடைசி நாள் மத்தியானம் மழை கொட்டியது. கரண்டு இல்லை. அக்கா அந்தப் பெண்ணின் குரலை ஒரு தரம் வைக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கைபேசியை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

“தாழ் போடு, தங்கச்சி.”

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று இரண்டாம் முறை கேட்டேன்.

“ரெண்டு தாழும் போடு. இந்த மழையில அந்தப் பொண்ணு தனியா வரவேணாம். சின்னப்புள்ள. நானே போய்க்கிறேன்.”

கீழ்த்தாழைப் போட்டேன். மேல்தாழ் துருப்பிடித்திருந்தது. நாற்காலி வைத்து ஏறி, சுத்தியலால் தட்டித்தான் உள்ளே தள்ள முடிந்தது. என் உள்ளங்கையில் துருவின் நிறம் அன்று முழுவதும் இருந்தது. சிறிது நேரத்தில் வெளியே யாரோ வழக்கப்படி கதவைத் தள்ளினார்கள். அசையவில்லை. மறுபடி தள்ளினார்கள். பிறகு மழைச்சத்தத்துக்கு மேல் ஒரு பெண் உற்சாகமாகக் கத்துவது கேட்டது: தையற்கடைக் கதவு தாழ் போட்டிருக்கிறது, அக்கா தேறிவிட்டாள். அந்தச் செய்தி வீடுவீடாகப் போவதை நான் உள்ளே உட்கார்ந்து கேட்டேன். அக்காவும் கேட்டிருக்க வேண்டும். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. வெளிச்சம் மங்குவதற்குள் அவள் போய்விட்டாள்.

போதகருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று எழுந்தேன். மேல்தாழை எடுக்க நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவருகே போனேன். நாற்காலி தேவைப்படவில்லை. மேல்தாழும் கீழ்த்தாழும் நீங்கியிருந்தன. கதவு ஒரு ஆள் போகும் அளவுக்குத் திறந்து, மழைச்சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. காரணம் தேடுவதில் எனக்கு நீண்ட பழக்கம் உண்டு. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று யோசித்தேன். ஊதினால் தாழ் இறுகும், நழுவாது. யாராவது வந்தார்களா என்று தரையைப் பார்த்தேன். வாசலில் சாரல் விழுந்த இடத்தைத் தாண்டி, கட்டில் வரை தரை காய்ந்திருந்தது, ஒரு ஈரக் காலடியும் இல்லை. மரணச் சான்றுக்கு விவரம் கேட்க வந்த வார்டு அதிகாரி, அந்த நேரத்தில் கதவு தாழிட்டிருந்ததா, திறந்திருந்ததா என்று கேட்டார். அவர்கள் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது என்பது எனக்குத் தெரியும். திறந்திருந்தது என்றேன். அவரும் வேறெதுவும் கேட்கவில்லை.